பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரமும் திறந்து கொடுக்கும் பழக்கமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. "ஆறாம் தேதி கழியட்டும், அதுக்கப்புறம் ஊருக்கு வா வாப்பா" என்று வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு உம்மா தொலைபேசியில் சொல்கிறார். 1992இல் பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்ட நாள் அது. இடிக்கப்பட்டது நம் பள்ளிவாசல். ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டிச் சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களும் நம் பிள்ளைகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பார்த்துப் பழகிவிட்டதால், இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்பதே நமக்கு உறைப்பதில்லை.

சென்ற டிசம்பரின் தொடக்கத்தில் நம் உறவுக்காரப் பிள்ளை ஒருவன், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன், விடுதியிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தான். தென்மாவட்டப் பேருந்து நிலையம் ஒன்றில் இரவு ஒன்பதரை மணி. தோளில் ஒரு பை. உள்ளே துவைக்க வேண்டிய துணிகள், உம்மா கொடுத்தனுப்பிய பலகார டப்பா காலியாக, ஒரு முஸல்லா, அரபியும் தமிழும் சேர்ந்த ஒரு துஆப் புத்தகம். நடைமேடையில் நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் அவனை மட்டும் காவலர் ஒருவர் அழைத்தார். பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் "பையத் திற" என்றார். திறந்தான். "கொட்டு" என்றார். கொட்டினான். முஸல்லாவை உதறிப் பார்த்தார்கள். துஆப் புத்தகத்தைப் புரட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார்கள். பிறகு கைப்பேசியை வாங்கி, பூட்டைத் திறக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பையும் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார் இன்னொருவர். அதில் அவனுடைய ராத்தாவின் நிக்காஹ் வீட்டுப் படங்கள் இருந்தன. பெண்கள் மட்டும் இருந்த அறையில், பெண்களே எடுத்து, வீட்டார் பார்ப்பதற்கென்று வைத்திருந்த படங்கள். அந்நிய ஆடவர் இருவர் அவற்றைப் பேருந்து நிலைய வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கும்வரை தம்பியாகிய அவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். "எதுக்கு சார்?" என்று ஒருமுறை கேட்டதற்குக் கிடைத்த பதில்: "ரொம்பப் பேசினா கஞ்சா கேஸ் போட்டுருவேன்." கைப்பேசியை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ரசீது இல்லை. எந்த வழக்கு, என்ன குற்றம் என்ற பேச்சும் இல்லை. ஒன்பதாம் நாள் அது திரும்பக் கிடைத்தது.

வீடு வந்த பிள்ளையிடம் அவனுடைய வாப்பா சொன்னார்: "வம்பு வாணாம் வாப்பா. கேட்டாங்க, குடுத்துட்ட. அல்ஹம்துலில்லாஹ், அதோட போச்சு."

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பையனுக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை. நமது வழக்கு அந்த இரு காவலர்களோடு இருப்பதைப் போலவே "அதோட போச்சு" என்ற சொல்லோடும் இருக்கிறது. ஏனெனில் அந்தச் சொல்லைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குச் சட்டமாகக் கற்றுக்கொடுத்து வருகிறோம்; உண்மையான சட்டத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை.

உண்மையான சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர் என்றாலும் சோதனை பற்றிய விதிகள் பெரும்பாலும் பழையவையே. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் ஓர் இடத்தைச் சோதிக்கும் அதிகாரம் 185ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 165. அந்த அதிகாரம் பிறப்பதற்கு முன் சில காரியங்கள் நடந்திருக்க வேண்டும். முதலில், ஒரு குற்றத்தைப் பற்றிய புலன் விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த விசாரணைக்குத் தேவையான பொருள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் அதிகாரிக்கு இருக்க வேண்டும். வேறு வழியில் காலதாமதமின்றி அதைப் பெற முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அவர் எழுத்தில் பதிய வேண்டும். என்ன பொருளைத் தேடுகிறார் என்பதையும் முடிந்தவரை குறிப்பிட வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும். சோதிக்கப்பட்ட இடத்துக்கு உரியவர் விண்ணப்பித்தால் அவருக்கும் இலவசமாக நகல் தரப்பட வேண்டும். புதிய சட்டம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: இந்தச் சோதனை ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும், காவலரின் கைப்பேசியிலாவது.

ஒரு மனிதரின் உடலைச் சோதிப்பதற்கும் சட்டம் இடங்களை வகுத்திருக்கிறது. கைது செய்யப்பட்டவரை 49ஆம் பிரிவின்படி சோதிக்கலாம். எடுத்த பொருள்களுக்கு அவரிடம் ரசீது தர வேண்டும். ஓர் இடம் சோதிக்கப்படும்போது அங்கே இருப்பவர் தேடப்படும் பொருளைத் தம்மிடம் மறைத்திருப்பதாக நியாயமான சந்தேகம் எழுந்தால் 103ஆம் பிரிவின்படி அவரைச் சோதிக்கலாம். பெண்ணாக இருந்தால் பெண்ணே, கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகப்படும் பொருளை 106ஆம் பிரிவின்படி கைப்பற்றலாம்; கைப்பற்றியதை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். பேருந்துக்கு நிற்கும் ஒருவரை, எந்த வழக்கும் இல்லாமல், பெயரைக் கேட்டதும் பையைக் கொட்டச் சொல்லும் பொது அதிகாரம் ஒன்று இந்தச் சன்ஹிதாவில் எங்கும் இல்லை. வண்டியை நிறுத்தி உரிமம் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் சீருடையில் இருக்கும் காவலருக்கு அந்த உரிமையைத் தருகிறது. உரிமத்தைக் காட்டச் சொல்லும் உரிமை, டிக்கியில் இருக்கும் உம்மாவின் மருந்துப் பையைப் பிரித்துப் பார்க்கும் உரிமையாக நீண்டுவிடுவதில்லை.

விமான நிலையத்திலும் ரயில் நிலைய வாசலிலும் எல்லாருடைய பையும் ஒரே இயந்திரத்துக்குள் போய் வருகிறது. வியாபாரியின் பையும் போகிறது, அய்யரின் பையும் போகிறது, நம் பையும் போகிறது. அதில் நமக்கு வழக்கில்லை. பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தாடியையோ தொப்பியையோ பெயரையோ வைத்துப் பொறுக்கி எடுப்பதுதான் வழக்கு. பெயர் ஒருபோதும் "நியாயமான காரணம்" ஆகாது.

"கஞ்சா கேஸ்" என்ற மிரட்டலுக்கு வருவோம். அது சும்மா வாய்க்கு வந்த வார்த்தை இல்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பொது இடத்தில் சோதிப்பதற்குக் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. அதற்கு ஈடாக 50ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறது: ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், "நீங்கள் விரும்பினால் ஒரு நடுவர் முன்னிலையிலோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ சோதிக்கப்படும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை வலியுறுத்தியது. 2010இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் மற்றோர் ஐவர் அமர்வு இதை இம்மியும் பிசகாமல் பின்பற்ற வேண்டும் என்றது.

இந்தப் பாதுகாப்பு சட்டைப் பையில் இருப்பதற்கு உண்டு. தோள் பையில் இருப்பதற்கு இல்லை! 2005இல் பவன் குமார் வழக்கில், பை என்பது மனிதரின் உடலில் சேராது, ஆகவே பையை மட்டும் சோதிக்க 50ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இலும் அதே நிலையை உறுதிசெய்தது. நீதிபதிகளின் வாதம் புரியாமல் இல்லை. பையை இன்று தூக்குவோம், நாளை இறக்கி வைப்போம். அதை உடலின் பகுதி என்பது எப்படி என்று கேட்டார்கள். ஆனால் கஞ்சா வைத்து வழக்குப் போடுவதாக மிரட்டுகிறவருக்கு வசதியான இடம் எது? ஒருவரின் சட்டைப் பைக்குள் பொட்டலத்தைச் செருகுவதைவிடத் தரையில் கொட்டிக் கிடக்கும் துணிகளுக்கு நடுவே ஒன்றைச் சேர்ப்பது எளிது. பாதுகாப்பு எங்கே அதிகம் தேவையோ அங்கே அது கைவிரிக்கிறது. அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு, நியாயமான காரணமின்றித் தொல்லை தரும் நோக்கத்தோடு சோதனையிடும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆயிரம் ரூபாய்! தலைக்கவசம் போடாததற்கே இன்று அதே தொகைதான்.

கைப்பேசி இன்னும் பெரிய விஷயம். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் காவலர்கள் சாலையில் போகிறவர்களை நிறுத்தி, கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப் உரையாடல்களில் "கஞ்சா" போன்ற சொற்களைத் தேடிப் பார்த்த காணொளி நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். பையில் நேற்றைய துணிதான் இருக்கும். கைப்பேசியில் பத்து ஆண்டு வாழ்க்கை இருக்கிறது: வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, மகளுக்கு வந்த வரன், அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பேச்சு, வீட்டுப் பெண்களின் படங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ரைலி வழக்கில், கைது செய்யப்பட்டவரின் கைப்பேசியைக்கூட வாரண்ட் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று ஒரே குரலில் சொன்னது. நம் நாட்டில் அத்தனை தெளிவான தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கான அடித்தளம் இருக்கிறது.

அந்த அடித்தளம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1954இல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், சோதனைகளுக்கு எதிராகத் தனியுரிமை என்ற அடிப்படை உரிமை நம் அரசமைப்பில் இல்லை என்றார்கள். 1962இல் கடக் சிங் என்பவரின் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர் அவர். விடுவித்த பிறகும் காவல்துறை அவர் பெயரில் ஒரு ஏடு திறந்து, இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. ஆறு நீதிபதிகள் அந்த இரவுக் கதவுத் தட்டலைச் செல்லாது என்றார்கள். மற்றக் கண்காணிப்புகளை விட்டுவைத்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று அறிவித்தார்கள்; பழைய தீர்ப்புகள் அதற்கு மாறாகச் சொன்னவற்றை நீக்கினார்கள். அரசு அந்த உரிமையில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் போகக் கூடாது. பேருந்து நிலையத்தில் நிக்காஹ் படங்களைத் தள்ளிப் பார்த்த விரலுக்கு இம்மூன்றில் எது இருந்தது?

நம்மில் சிலர் கேட்பார்கள்: "ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் காட்டுவதில் என்ன?" இந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். குர்ஆன் ஓதுகிற நாம் கேட்பது நியாயமில்லை. அந்நூர் அத்தியாயம் பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, சலாம் சொல்லி நுழையச் சொல்கிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடச் சொல்கிறது. அந்த வீட்டில் குற்றம் நடக்கிறதா இல்லையா என்று அது வகை பிரிக்கவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயம் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் அடுத்தடுத்து வைத்துத் தடுக்கிறது. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தில் ஒரு வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே மது அருந்திக்கொண்டிருந்தவரைப் பிடித்ததாகவும், அவர் "நான் செய்த தவறு ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று" என்று ஒற்றாடியது, வாசல் வழியே வராதது, அனுமதி பெறாதது ஆகியவற்றை எண்ணிச் சொன்னதாகவும், கலீஃபா அவரை விட்டுச் சென்றதாகவும் நம் மிம்பர்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுப் புல்லரித்திருக்கிறோம். அங்கே ஒளிக்க வேண்டியது இருந்தது! இருந்தும் முறை தவறிய சோதனை முறை தவறியதாகவே நின்றது.

மார்க்கம் சோதனையே கூடாது என்கிறது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அது நேர்மையாகாது. மக்கா வெற்றிக்கு முன் ஹாதிப் (ரலி) அவர்கள் குறைஷியருக்கு எழுதிய இரகசியக் கடிதத்தை ஒரு பெண் எடுத்துச் சென்றபோது, அலி (ரலி) உள்ளிட்ட தோழர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவளுடைய சுமைகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடுமையாக வற்புறுத்திய பின் அவளே கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அது எப்படிப்பட்ட சோதனை? இன்ன இடத்தில், இன்னவரிடம், இன்ன கடிதம் என்ற உறுதியான செய்தி முன்பே இருந்தது. அவ்வழியே போன வேறு எவருடைய சுமையும் பிரிக்கப்படவில்லை. கடிதம் கிடைத்ததும் தேடல் நின்றது. எழுதியவரை அழைத்து அவர் தரப்பைக் கேட்டார்கள், கேட்டு மன்னித்தார்கள். எழுத்தில் காரணம், குறிப்பிட்ட பொருள் என்று 185ஆம் பிரிவு கேட்பதும் ஏறத்தாழ இதையே. சட்டத்தைப் பின்பற்றச் சொல்வதால் நாம் மார்க்கத்துக்கு வெளியே எங்கும் போய்விடவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. அதைக் கேட்காததுபோல் கடந்து போகக் கூடாது. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வைத்தவர்கள் நம் பெயர்களைக் கொண்டவர்கள். "அதனால்தானே சோதிக்கிறார்கள்" என்று அண்டை வீட்டார் கேட்டால் நாம் கோபப்படக் கூடாது. அவர் இழந்தது உயிர்களை. ஆனால் பதில் இருக்கிறது. அதன் பிறகு கோட்டைமேட்டைச் சுற்றிச் சாவடிகள் நின்றன. பால் வாங்கப் போன பெண்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தத்தம் தெருவுக்குள் நுழையவே விசாரிக்கப்பட்டார்கள். தகவல் இருந்தால் காவல்துறை குறிப்பிட்ட வீட்டுக்கே போகும். தகவல் இல்லாதபோதுதான் தெருவையே நிறுத்திவைக்கும். அப்படி நிறுத்தப்பட்ட தெரு, தனக்குத் தெரிந்த உண்மையான செய்தியைக்கூடக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லாது. கடல் கடந்த அனுபவமும் இதுவே: 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் இலங்கையில், ஆடையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று தவறாகக் கொண்டு ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அதனால் யாருடைய பாதுகாப்பு கூடியது?

சட்டம் இத்தனை சொல்லியும் நடைமுறை ஏன் மாறுவதில்லை? ஒரு காரணம் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1973இல் பூரண்மல் வழக்கில், சோதனை முறைகேடானது என்பதற்காக அதில் கிடைத்த சான்றை ஒதுக்க வேண்டியதில்லை, வழக்குக்குப் பொருத்தமானதா என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விதியை மீறினாலும் பலன் கைக்கு வரும் என்றால் விதியை யார் மதிப்பார்? நம் கருத்தில், புட்டசாமி தீர்ப்புக்குப் பின் இந்த நிலை தொடர்வதற்கு நியாயம் இல்லை. இது வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் போராட வேண்டிய களம்.

மற்றொரு காரணம் நம்மிடம் இருக்கிறது. இதைச் சொன்னால் பெரியவர்கள் சிலர் வருத்தப்படுவார்கள். வீட்டைச் சோதிக்கும்போது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, எத்தரப்பும் சாராத, மதிப்புள்ள இருவரையாவது சாட்சியாக வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலேயர் காலத்து 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 103ஆம் பிரிவு. 1973இல் 100 ஆகி, இப்போது மறுபடி 103க்கே திரும்பி வந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த விதி இருக்கிறது. நம் மஹல்லாவில் ஒரு வீட்டின் முன் காவல் வண்டி நின்றால் என்ன நடக்கிறது? ஜமாஅத் தலைவரின் கைப்பேசி அணைந்துவிடுகிறது. எதிர் வீட்டு ஹாஜியார் கதவைச் சாத்திக்கொள்கிறார். எழுத்து மூலம் அழைத்தும் காரணமின்றிச் சாட்சியாக வர மறுப்பது குற்றம் என்பதுகூட நமக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் எவரும் வராததால் காவல் நிலையத்துக்கு வாடிக்கையாக வந்து கையெழுத்துப் போடும் சாட்சிகள் வருகிறார்கள். மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் படிப்பதும் இல்லை. பிறகு வழக்கு நடக்கும்போது "பொய்ச் சாட்சி" என்று புலம்புகிறோம். மெய்ச் சாட்சியாக நின்றிருக்க வேண்டியவர்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

அங்கே போய் நிற்பது குற்றவாளிக்குத் துணை போவதாகாது. என்ன எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்து, பட்டியலைப் படித்து, சரியாக இருந்தால் கையெழுத்திடுவது, அவ்வளவே. வீட்டுக்காரருக்கு உடன் இருந்து பார்க்கும் உரிமையும் பட்டியலின் நகல் பெறும் உரிமையும் உண்டு. தேடப்படும் ஆளைக் கைது செய்ய வீட்டுக்குள் நுழையும்போது, வழக்கத்தால் பிற ஆடவர் முன் வராத பெண்கள் உள்ளறையில் இருந்தால், அவர்கள் விலகிக்கொள்ள அறிவிப்பும் அவகாசமும் தந்த பிறகே அந்த அறைக்குள் போக வேண்டும் என்று 44ஆம் பிரிவு சொல்கிறது. பர்தா பேணும் நம் வீடுகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் இந்த விதியை நம் ஜும்ஆ உரை எதிலும் நாம் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது? கையை ஓங்காதே, ஓடாதே, பையை இழுத்துப் பிடிக்காதே. அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவில் ஒரு வழக்கைச் சேர்க்க அது போதும். குரலை உயர்த்தாமல் கேள்: "ஐயா, எந்த வழக்கு விசாரணைக்காகச் சோதிக்கிறீர்கள்? எழுதித் தருவீர்களா? நானாகச் சம்மதித்துத் திறக்கவில்லை, நீங்கள் சொல்வதால் திறக்கிறேன்." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இல்லையென்றால் நாளை நீதிமன்றத்தில் "அவராகவே காட்டினார்" என்பதே பேச்சாக இருக்கும். போதைப்பொருள் சோதனை என்றால் நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன் சோதிக்கும்படி கேள். கைப்பேசியை எடுத்தால் ரசீது கேள். தராவிட்டால் நேரம், இடம், சட்டையில் இருக்கும் பெயர் ஆகியவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றிரவே ஒரு தாளில் எழுதிவிடு. கைப்பற்றிய பொருளை நடுவர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். காவல் நிலையங்களில் பொருள்களைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் போட்டு வைக்க வேண்டாம் என்று 2002இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண் இருக்கிறது.

இப்படிப் பேசினால் இன்னும் இரண்டு அடி விழும் என்று ஒரு வாப்பா சொல்லலாம். விழக்கூடும், அதை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை. தனியாக நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை இந்த வாக்கியங்களைச் சொல்ல முடியாமல் போகலாம். அவன் சொல்ல முடியாததைப் பிறகு எழுத்தில் சொல்ல வாப்பாவும் ஜமாஅத்தும் இருக்க வேண்டும். அந்த இரவு அவன் பட்ட அவமானத்தைவிட, வீட்டுக்கு வந்ததும் அதைப் பேச இடமில்லாமல் போனதே அவனை அதிகம் வாட்டியது என்பதை அவனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியபோது தெரிந்துகொண்டோம். அவன் கைப்பேசியில் இருந்த நிக்காஹ் படங்களை எல்லாம் அழித்துவிட்டான். ராத்தாவிடம் ஏன் என்று சொல்லவில்லை.

அவனுடைய வாப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று. பிறகு நடந்ததை நாள், நேரத்தோடு எழுதி, ஜமாஅத் முத்திரையோடு மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். எந்த வழக்கில், எந்தப் பிரிவின்படி கைப்பேசி எடுக்கப்பட்டது, கைப்பற்றியதை நடுவருக்குத் தெரிவித்தார்களா என்ற இரண்டே கேள்விகள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது, பதில் வரவில்லை. மனித உரிமை ஆணையங்கள் நிகழ்ச்சி நடந்து ஓர் ஆண்டுக்குள் வரும் புகாரையே விசாரிக்க முடியும். அந்த ஆண்டு வரும் டிசம்பரில் முடிகிறது. புகார் மனு எழுதி முடிந்துவிட்டது. சாட்சியாகக் கையெழுத்திட, அந்த இரவு அதே நடைமேடையில் நின்றிருந்த நம்மூர்க்காரர் இருவரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.